மனச்சோர்வுக்கு உடற்பயிற்சி: கூட இருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

"கொஞ்சம் நடங்க, எக்சர்சைஸ் பண்ணுங்க, மனசுக்கும் நல்லது" என்று சொல்லி டாக்டர் அனுப்பிவிடுவார். சிக்கல் வீட்டுக்கு வந்த பிறகுதான் ஆரம்பிக்கும். எழுந்து பல் துலக்கவே தெம்பில்லாதவரை எப்படி நடக்கவைப்பது? மனச்சோர்வு, அதாவது டிப்ரஷன் உள்ளவரின் கணவர், மனைவி, பிள்ளைகள், பெற்றோர், நண்பர்கள், அவர்களைக் கவனிக்கும் செவிலியர்கள், சுகாதாரப் பணியாளர்கள் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பாதிக்கப்பட்டவரே படித்தாலும் நல்லதுதான். ஆனால் இதில் முக்கால்வாசி, கூட இருப்பவர் செய்ய வேண்டிய வேலை.

உடற்பயிற்சி நிஜமாகவே சிகிச்சையா, இல்லை ஆறுதலுக்குச் சொல்வதா?

சிகிச்சைதான். 1999-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் புளூமென்தால் குழுவினர், மனச்சோர்வு உள்ள 156 பேரை எடுத்துக்கொண்டார்கள். எல்லோரும் 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள். ஒரு பகுதியினருக்கு செர்ட்ரலின் என்ற மனச்சோர்வு மாத்திரை, இன்னொரு பகுதியினருக்கு வாரம் 3 நாள் மேற்பார்வையோடு நடை அல்லது மெதுவோட்டம், மூன்றாவது பகுதியினருக்கு இரண்டும். 16 வாரம் கழித்துப் பார்த்தால் மூன்று பகுதியினரும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தார்கள். முதல் சில வாரங்களில் மாத்திரைக்குத்தான் வேகம்; பிறகு பயிற்சி செய்தவர்களும் எட்டிப்பிடித்துவிட்டார்கள்.

அதே குழு 2007-இல் 202 பேரை வைத்து, வெற்று மாத்திரையையும் சேர்த்து இன்னொரு ஆய்வு செய்தது. நோய்க்குறிகள் நீங்கி மீண்டவர்கள்: மேற்பார்வையில் பயிற்சி செய்தவர்களில் 45%, வீட்டிலேயே செய்தவர்களில் 40%, செர்ட்ரலின் எடுத்தவர்களில் 47%, வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 31%. கடைசி எண்ணையும் கவனியுங்கள். ஒன்றும் இல்லாத மாத்திரையிலேயே மூன்றில் ஒருவருக்குச் சற்றுக் குறைவானவர்கள் மீண்டிருக்கிறார்கள். யாரோ நம்மைக் கவனிக்கிறார்கள், வாராவாரம் விசாரிக்கிறார்கள் என்பதற்கும் கொஞ்சம் பலன் இருக்கிறது.

2024-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஒரு தொகுப்பாய்வு 218 ஆய்வுகளை, 14,000-க்கும் மேற்பட்டவர்களை ஒன்றாக எடை போட்டுப் பார்த்து, நடை, மெதுவோட்டம், யோகா, எடைப்பயிற்சி ஆகியவை நன்றாக உதவுகின்றன என்றது. எதிர்ப்பக்கமும் உண்டு. 2013-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட மதிப்பாய்வில், மிகக் கறாராக நடத்தப்பட்ட ஆய்வுகளை மட்டும் எடுத்துக்கொண்டபோது பலன் நன்றாகவே சுருங்கியது. மாத்திரை ஆய்வில், யாருக்கு எது என்று தெரியாதபடி வெற்று மாத்திரையைக் கலந்துவிடலாம். தான் ஓடுகிறோமா இல்லையா என்று ஒருவருக்குத் தெரியாமல் மறைக்க முடியாதே. அந்தக் குறை இந்தத் துறையில் இருந்துகொண்டேதான் இருக்கும். என் கணக்கில் இது மருந்துக்கும் உளவியல் ஆலோசனைக்கும் பக்கத்தில் உட்காரத் தகுந்த சிகிச்சை. அதிசயம் எதிர்பார்க்க வேண்டாம்.

அப்படியானால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கூடாது. மாத்திரையைக் குறைப்பதும் நிறுத்துவதும் மனநல மருத்துவர் முடிவு. திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் வரலாம், நோயும் திரும்பலாம். "ஓடினா போதும், மாத்திரை எல்லாம் விஷம்" என்று சொல்லும் உறவினர் ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். அவரிடம் சண்டை போட வேண்டாம், ஆனால் மாத்திரைப் பெட்டி அவர் கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த நிலையில் இருப்பவருக்கு இது பொருந்தும்?

லேசான, நடுத்தர நிலைகளுக்கு நன்றாகப் பொருந்தும். இங்கிலாந்தின் தேசிய மருத்துவ வழிகாட்டுதல் 2022-இல் புதுப்பிக்கப்பட்டபோது, தீவிரம் குறைந்த மனச்சோர்வுக்கான சிகிச்சைகளில் ஒன்றாகக் குழு உடற்பயிற்சியைச் சேர்த்திருக்கிறார்கள்: சுமார் 8 பேர் கொண்ட குழு, 10 வாரம், பயிற்சி பெற்ற ஒருவர் நடத்துவது.

நிலையை அறிய டாக்டர்கள் பெரும்பாலும் பி.எச்.க்யூ.-9 என்ற 9 கேள்விகள் கொண்ட படிவத்தைக் கொடுப்பார்கள். கடந்த 2 வாரத்தில் எப்படி இருந்தது என்று கேட்கும். மொத்த மதிப்பெண் 27. 5 முதல் 9 வரை லேசானது, 10 முதல் 14 வரை நடுத்தரம், 15 முதல் 19 வரை ஓரளவு கடுமையானது, 20-உம் அதற்கு மேலும் தீவிரம். நீங்களே போட்டுப் பார்த்து நோய் இது என்று முடிவு கட்ட அது உதவாது. மாதத்துக்கு மாதம் ஒப்பிட்டுப் பார்க்க நன்றாக உதவும்.

சாப்பாட்டையே விட்டுவிட்டவர், நாள் முழுக்கப் படுத்தே கிடப்பவர், காதில் குரல் கேட்கிறது என்பவர், சாவைப் பற்றிப் பேசுபவர்: இவர்களுக்கு முதலில் மனநல மருத்துவர், பயிற்சி எல்லாம் அப்புறம். முன்பு எப்போதாவது தூக்கமே இல்லாமல் அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு, கண்டபடி செலவு செய்துகொண்டு சில நாள் இருந்திருக்கிறார் என்றால் அது இருமுனைக் கோளாறாக, அதாவது பைபோலாராக இருக்கலாம். அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மருந்தே மாறும்.

"வாக்கிங் போ" என்று தினமும் சொல்கிறோம். அசைய மாட்டேன் என்கிறார். சோம்பேறித்தனமா?

இல்லை. ஒரு வேலையை ஆரம்பிக்கும் சக்தியைத்தான் இந்த நோய் முதலில் பறிக்கிறது. உடம்பு கனக்கும், முடிவெடுக்க வராது, "போனா மட்டும் என்ன ஆயிடப் போகுது" என்று உள்ளே ஒரு குரல் ஓடிக்கொண்டே இருக்கும். இந்த நிலையில் உள்ளவரிடம் போய் "மனசு வெச்சா முடியும்" என்பது, கால் முறிந்தவரிடம் மாத்திரை வேண்டுமானால் மாடிக்கு வந்து வாங்கிக்கொள் என்பதுதான். நோய் எதைப் பறித்ததோ அதையே சிகிச்சைக்குக் கட்டணமாகக் கேட்கிறோம்.

வெறும் ஊக்கப்பேச்சு எவ்வளவு தூரம் எடுபடும் என்பதை இங்கிலாந்தின் பிரிஸ்டல், எக்ஸிட்டர் நகரங்களில் 361 பேரிடம் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2012-இல் முடிவு வந்தது. ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சையோடு, உடலுழைப்பைக் கூட்டச் சொல்லி நேரிலும் போனிலும் ஆலோசனை தர ஓர் ஆளையும் வைத்தார்கள். நாங்கள் முன்பைவிட அதிகம் நடமாடுகிறோம் என்றுதான் அவர்களும் சொன்னார்கள். மனச்சோர்வில் மட்டும், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களோடு ஒப்பிட வித்தியாசம் இல்லை. அன்று பத்திரிகைகள் "உடற்பயிற்சி பயனற்றது" என்று எழுதின. அது சரியான வாசிப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. அங்கே சோதிக்கப்பட்டது பயிற்சி பற்றிய ஆலோசனை. டியூக்கில் கொடுத்ததோ வாரம் 3 நாள், குறித்த நேரம், குறித்த வேகம், பக்கத்தில் ஓர் ஆள்.

ஆகவே சொல்வதை நிறுத்திவிட்டு, ஏற்பாடு செய்ய ஆரம்பியுங்கள்.

ஏற்பாடு என்றால் என்ன? எங்கிருந்து ஆரம்பிப்பது?

மனம் சரியானால் நடக்கலாம் என்று காத்திருந்தால் நடக்கவே நடக்காது. முதலில் செயல், மனநிலை அதன் பின்னால் மெல்ல வரும். இந்த முறையைக் கோவாவில் பெரிய அளவில் செய்து பார்த்தார்கள். மனநல ஆய்வாளர் விக்ரம் படேல் குழுவினர் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில், ஓரளவு கடுமையான மனச்சோர்வு உள்ள 495 பேரிடம் நடத்திய ஆய்வு அது, 2017-இல் வெளிவந்தது. ஆலோசகர்கள் டாக்டர்கள் இல்லை, உள்ளூர்க்காரர்கள், சில வாரப் பயிற்சி பெற்றவர்கள். 6 முதல் 8 சந்திப்புகளில், முன்பு பிடித்திருந்த, இப்போது விட்டுப்போன சின்னச் சின்ன வேலைகளை ஒவ்வொன்றாகத் திரும்ப நாளுக்குள் கொண்டுவர வைத்தார்கள். 3 மாதத்தில் மீண்டவர்கள் 64%. அந்தச் சந்திப்புகள் இல்லாதவர்களில் 39%. அது உடற்பயிற்சித் திட்டம் இல்லைதான். ஆனால் அசையாதவரை அசையவைக்கும் வழி அங்கேதான் இருக்கிறது.

ஒரு வீட்டில் மகள் செய்ததைச் சொல்கிறேன். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்த அப்பா, சாயங்காலம் ஆனால் கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிடுவார். "அப்பா, வாக்கிங் போங்க" என்பதை அவள் விட்டுவிட்டாள். காலை 6 மணிக்குக் கையில் தூக்குவாளியோடு கட்டில் பக்கத்தில் வந்து நிற்பாள். "பால் வாங்கப் போறேன்ப்பா, தெருநாய் குரைக்குது, கூட வாங்களேன்." சட்டை ஏற்கெனவே நாற்காலியில் இருக்கும், செருப்பு கட்டிலுக்கு அடியில். வேட்டியை மாற்ற வேண்டும், முகம் மழிக்க வேண்டும் என்ற பேச்சே இல்லை. பால் பூத் தெருமுனையில். போக வர எட்டு நிமிடம். வழியில் அவள் அதிகம் பேசவும் மாட்டாள். பத்து நாள் போல ஆனதும் பூத்தைத் தாண்டி டீக்கடை, பிறகு கோயில் குளத்தை ஒரு சுற்று. அவர் வராத நாளில் "பரவாயில்லப்பா, நாளைக்கு" என்று சொல்லிவிட்டுத் தனியே போய்விடுவாள். முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளவும் மாட்டாள்.

இதில் கவனிக்க வேண்டியவை பல. நேரம் தினமும் ஒன்றே. முடிவெடுக்க எதுவும் மிச்சம் வைக்கவில்லை. உடை, இடம், தூரம் எல்லாம் முன்பே தயார். அவரை நோயாளியாக நடத்தாமல், துணைக்கு வரும்படி கேட்டிருக்கிறாள். தோற்றுப்போக முடியாத அளவுக்கு முதல் இலக்கு சின்னது.

என்ன பேசலாம், என்ன பேசக்கூடாது?

"உன்னைவிடக் கஷ்டப்படுறவங்க எவ்வளவு பேர் இருக்காங்க", "நேத்து வந்தியே, இன்னைக்கு என்ன?", "பாரு, எவ்வளவு ஃப்ரெஷ்ஷா இருக்கு!" இவை மூன்றும் வேண்டாம். மூன்றாவது நல்லெண்ணத்தில் வருவதுதான். ஆனால் அவருக்கு அப்படி ஒன்றும் தோன்றாவிட்டால், இதிலும் தனக்கு ஏதோ குறை என்று நினைத்துக்கொள்வார். "நான் கிளம்புறேன், கேட் வரைக்கும் வர்றியா?" போதும். கேட் வரை வந்தவர் பாதி நாள் தெருவுக்கும் வந்துவிடுவார். திரும்பிப் போகிறேன் என்றால் விட்டுவிடுங்கள். திரும்பலாம் என்ற உரிமை உண்மையாக இருந்தால்தான் அடுத்த நாளும் கேட் வரை வருவார்.

எவ்வளவு நேரம், எவ்வளவு வேகம்?

ஆரம்பம் 5 நிமிடமாக இருக்கலாம், அங்கேயே நின்றுவிடக் கூடாது. 2005-இல் அமெரிக்காவில் 80 பேரிடம் இதன் 'டோஸ்' எவ்வளவு என்று பார்த்த ஒரு ஆய்வு உண்டு. பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் அளவுக்குப் பயிற்சி செய்தவர்களுக்கு 12 வாரத்தில் மனச்சோர்வு மதிப்பெண் 47% இறங்கியது. குறைந்த அளவு செய்தவர்களுக்கு 30%. வெறுமனே கைகால் நீட்டி மடக்கியவர்களுக்கு 29%. அதாவது குறைந்த டோசும் நீட்டி மடக்குவதும் ஒன்றுதான். வாரம் 3 நாளா, 5 நாளா என்பது பெரிய வித்தியாசம் செய்யவில்லை. மொத்த அளவுதான் முக்கியம்.

நடைமுறையில் வாரம் 3 நாள், ஒவ்வொரு முறையும் 30 முதல் 45 நிமிடம், குறைந்தது 10 முதல் 12 வாரம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த இடத்துக்குப் போய்ச் சேர ஒரு மாதத்துக்கும் மேல் ஆனாலும் ஆகட்டும். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் எல்லாப் பெரியவர்களுக்கும் சொன்ன அளவு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு. அதை முதல் நாளே வாயில் எடுக்காதீர்கள், மலைத்துப்போய்விடுவார்.

வேகத்துக்குக் கருவி எதுவும் வேண்டாம். நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் மிதமான வேகம். பாட்டு வருகிறது என்றால் கொஞ்சம் எட்டிப்போடலாம்; பேச்சே வரவில்லை என்றால் குறையுங்கள்.

எந்தப் பயிற்சி சிறந்தது? எட்டு போட்டு நடப்பது நல்லதாமே?

அவர் நாளையும் வந்து செய்யக்கூடியது எதுவோ, அது. 2024 தொகுப்பாய்வில் ஆட்கள் பாதியில் விட்டுப்போகாமல் தொடர்ந்தவை யோகாவும் எடைப்பயிற்சியும். வேகம் கூடக் கூடப் பலனும் கூடியது; ஆனால் மெதுவான நடைக்கும் பலன் இருந்தது. முன்பு இறகுப்பந்து ஆடியவர் என்றால் மட்டையைத் தேடி எடுங்கள். சிலம்பமோ நீச்சலோ தெரிந்தவருக்கு வாக்கிங் அலுப்பாகத்தான் இருக்கும்.

எட்டு நடையைப் பொறுத்தவரை, அந்த வடிவத்துக்குத் தனி மகிமை இருப்பதாக நான் நம்பவில்லை. ஆனால் மொட்டை மாடியில் சுண்ணாம்பில் ஒரு எட்டு போட்டால் தெருவில் இறங்காமலே அரை மணி நேரம் நடந்துவிடலாம் என்பது பெரிய வசதி. மாடிச் சுவர் தாழ்வாக இருந்து, அவர் சாவைப் பற்றி நினைப்பவராகவும் இருந்தால் மாடியே வேண்டாம்.

நாள் முழுக்க வீட்டு வேலைதான் செய்கிறாள். அதற்கு மேல் உடற்பயிற்சி எதற்கு?

இதைப் பெரும்பாலும் கணவர்கள்தான் கேட்கிறார்கள். பாத்திரம் தேய்ப்பதும் துணி துவைப்பதும் உழைப்புதான், மறுக்கவில்லை. ஆனால் ஓய்வு நேரத்தில் விரும்பிச் செய்யும் உடலசைவுக்கும் நல்ல மனநிலைக்கும் உள்ள தொடர்பு, வீட்டு வேலையில் அவ்வளவாகத் தெரியவில்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. யோசித்தால் வியப்பில்லை. ஒன்று தனக்காக, இன்னொன்று முடிவே இல்லாத கடமை. அவருக்கு 40 நிமிடம் கிடைக்க வேண்டும் என்றால் அந்த 40 நிமிட வேலையை வேறொருவர் எடுத்துக்கொள்ள வேண்டும். காலை இட்லியை நீங்கள் ஊற்றுங்கள். சிகிச்சையில் உங்கள் பங்கு அதுதான்.

வெளியே போனால் நாலு பேர் கேட்பார்களே?

கேட்பார்கள். "என்ன, ஆளையே காணோம்? உடம்பு சரியில்லையா?" இதற்கு ஒரு பதிலை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். "டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கார்" என்று நிறுத்திக்கொள்ளலாம். சர்க்கரை என்று அவர்களாக நினைத்துக்கொள்வார்கள். விடியற்காலை ஆள்நடமாட்டம் குறைவு, வெயிலும் இல்லை. சித்திரை வைகாசியில் வேறு வழியும் கிடையாது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதை குறித்திருக்கிறார்கள். தெரிந்த முகம் இல்லாத இடம் வேண்டும் என்பவருக்கு உதவும். பெண்கள் இருவராகப் போவது பாதுகாப்புக்கும் நல்லது, தொடர்வதற்கும் நல்லது.

மாத்திரை சாப்பிடுகிறவர் பயிற்சி செய்வதில் ஆபத்து உண்டா?

பொதுவாக இல்லை. ஆனால் ஆரம்பிக்கும் முன் ஒரு முறை கேட்டுவிடுங்கள், குறிப்பாக நெஞ்சுவலி, மூச்சிரைப்பு, சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள். அமிட்ரிப்டிலின் போன்ற பழைய மாத்திரைகளில், சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றும். கட்டிலில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழச் சொல்லுங்கள். படபடப்புக்குப் புரோப்ரனலால் எடுப்பவர்களுக்கு நாடித்துடிப்பு வழக்கம்போல ஏறாது, கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம்; பேச்சுச் சோதனையே போதும். லித்தியம் எடுப்பவர் கடும் வெயிலில் வியர்த்துக் கொட்ட ஓடக்கூடாது. உடம்பில் தண்ணீரும் உப்பும் குறைந்தால் மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறிவிடும். கை நடுக்கம், வாந்தி, தள்ளாட்டம் வந்தால் உடனே மருத்துவமனை.

இன்னொன்று. களைப்பு எல்லாமே மனச்சோர்வு இல்லை. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையான பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள் என்று தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. தைராய்டு குறைந்தாலும் இதே சோர்வுதான். ஒரு ரத்தப் பரிசோதனை செய்யாமல் "நட, நட" என்று விரட்டுவது அநியாயம்.

சாப்பாட்டைக் குறைத்து எடையைக் குறைப்பதிலேயே குறியாக இருக்கும் இளம்பெண்ணோ பையனோ திடீரென்று மணிக்கணக்கில் பயிற்சி செய்தால் சந்தோஷப்படாதீர்கள். அது வேறு நோயின் அறிகுறியாக இருக்கலாம்.

தற்கொலை எண்ணம் இருக்கிறதோ என்று சந்தேகம். கேட்கலாமா?

நேராகக் கேளுங்கள். "உயிரை விட்டுடலாம்னு தோணுதா?" என்று கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள். பூச்சிமருந்து, சேர்த்துவைத்த மாத்திரைகள் எல்லாவற்றையும் வீட்டை விட்டு அகற்றுங்கள். விவசாய வீடுகளில் மருந்து டப்பா திண்ணையிலேயே கிடக்கும். முதலில் அதை எடுங்கள். இந்தியாவில் டெலி மானஸ் 14416, தமிழ்நாட்டில் 104, இலங்கையில் 1926 என்ற எண்களில் தமிழில் பேசலாம். உடனடி ஆபத்து என்றால் போனில் காத்திருக்காமல் அருகில் உள்ள மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

சிகிச்சை தொடங்கிய முதல் வாரங்களில் கூடுதல் கவனம் தேவை. மனம் தெளிவதற்கு முன்பே உடம்பில் தெம்பு திரும்புவதுண்டு. நேற்றுவரை எழ முடியாதவர் இன்று நன்றாக நடக்கிறார் என்பதாலேயே ஆபத்து நீங்கிவிட்டது என்று எண்ண வேண்டாம்.

குழந்தை பிறந்த பிறகு வரும் மனச்சோர்வுக்கும் இது சரிவருமா?

உதவும், ஆனால் அவசரம் கூடாது. சிசேரியன் என்றால் டாக்டர் அனுமதித்த பிறகு, முதலில் வீட்டுக்குள்ளேயே மெதுநடை. தூங்காத இரவுகளுக்குப் பிறகு பயிற்சியைவிடத் தூக்கமே பெரிய மருந்து. குழந்தையை அம்மாவோ மாமியாரோ வாங்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் தூங்கவிடுவது முதல் உதவி. குழந்தைக்குத் தீங்கு செய்துவிடுவேனோ என்று பயப்படுகிறாள், சம்பந்தமில்லாமல் பேசுகிறாள் என்றால் அன்றே மருத்துவமனை.

வயதானவர்களுக்கு?

நாற்காலியில் உட்கார்ந்து எழுவதே பயிற்சி. விழாமல் இருப்பதற்கான சமநிலைப் பயிற்சியைப் பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தருவார். 1999 டியூக் ஆய்வில் இருந்தவர்களும் 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

இது எப்படித்தான் வேலை செய்கிறது?

'எண்டார்பின் சுரக்கிறது' என்ற ஒற்றை வரி விளக்கத்தை அப்படியே நம்ப வேண்டாம். தூக்கம் சீராகிறது, உடலில் அழற்சி குறைகிறது, மூளையில் நரம்புகள் வளர உதவும் புரதங்கள் கூடுகின்றன என்று பல வழிகள் சொல்லப்படுகின்றன. 2011-இல் ஒரு ஆய்வில் 120 முதியவர்களில் ஒரு பகுதியினர் ஓராண்டு நடந்தபோது, மூளையில் நினைவோடு தொடர்புள்ள ஹிப்போகாம்பஸ் பகுதி சுமார் 2% பெரிதானது. ஆனால் அவர்கள் மனச்சோர்வு நோயாளிகள் இல்லை. எனக்கு அதைவிட எளிய காரணம் ஒன்று முக்கியமாகப் படுகிறது. "என்னால் எதுவும் முடியாது" என்று நாள் முழுக்க நினைப்பவர், காலை 7 மணிக்குள் ஒன்றை முடித்துவிட்டார்.

பலன் எப்போது தெரியும்? எப்படிக் கண்டுபிடிப்பது?

4 வாரத்துக்கு முன் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலும் அவருக்குத் தெரிவதற்கு முன் உங்களுக்குத் தெரியும்: இரவு கொஞ்சம் அதிகம் தூங்குகிறார், சாம்பாரில் உப்பு கம்மி என்கிறார், பேப்பரைக் கையில் எடுக்கிறார். தினசரிக் காலண்டரில் நடந்த நாளுக்கு ஒரு டிக் போடுங்கள். நடப்பதற்கு முன்பும் பிறகும் மனநிலைக்குப் பத்துக்கு எத்தனை என்று கேட்டு எழுதலாம். பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். அந்தத் தாளை அடுத்த முறை டாக்டரிடம் காட்டுங்கள். "பரவால்ல டாக்டர்" என்பதைவிட அது நிறையச் சொல்லும். 8 வாரம் ஒழுங்காகச் செய்தும் மாற்றமே இல்லை என்றால் அது அவர் தவறில்லை. சிகிச்சையை மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, ஒரு வாரம் விட்டுப்போயிற்று. இனி?

மழை, காய்ச்சல், கல்யாணம், மாதவிடாய் என்று கட்டாயம் விட்டுப்போகும். அப்படி ஒரு வாரம் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். மறுபடி தொடங்கும்போது விட்ட இடத்திலிருந்து வேண்டாம், பாதியிலிருந்து.

கூடவே நடந்து எனக்கே அலுத்துவிட்டதே?

அலுக்கத்தான் செய்யும். இந்தப் பொறுப்பை ஒரே ஆள் தலையில் கட்டக்கூடாது. திங்கள் நீங்கள், புதன் தம்பி, வெள்ளி பக்கத்து வீட்டு அக்கா. நாளடைவில் ஒரு யோகா வகுப்போ பூங்காவில் நடக்கும் கூட்டமோ கிடைத்தால் உங்களுக்கும் மூச்சு விட நேரம் கிடைக்கும். உங்கள் தூக்கமும் கெட்டு, எதற்கெடுத்தாலும் அழுகை வருகிறது என்றால் டாக்டரிடம் உங்களைப் பற்றியும் சொல்லுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் செலவில்லாமல் பார்க்கலாம்.

சரியான பிறகு நிறுத்திவிடலாமா?

வேண்டாம். 1999 டியூக் ஆய்வில் இருந்தவர்களை, ஆய்வு தொடங்கி 10 மாதம் கழித்துத் திரும்பப் பார்த்தார்கள். பயிற்சியால் தேறியவர்களுக்கு நோய் திரும்புவது குறைவாக இருந்தது. ஆய்வு முடிந்த பிறகும் தாமாகவே பயிற்சியைத் தொடர்ந்தவர்கள் இன்னும் நன்றாக இருந்தார்கள். மாத்திரையையும் தேறிய பிறகு குறைந்தது 6 மாதம் தொடரச் சொல்வது வழக்கம். எப்போது, எப்படிக் குறைப்பது என்பதை டாக்டர் சொல்வார். பயிற்சிக்கு அப்படி முடிவுத் தேதி கிடையாது. வழக்கமாக நடப்பவர் காரணமே சொல்லாமல் ஒரு வாரத்துக்கு மேல் நிறுத்திவிட்டார், விடியற்காலை 3 மணிக்கே விழிப்பும் வந்துவிடுகிறது என்றால், அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அந்த வாரமே அழைத்துப் போங்கள்.